உண்டியலுக்கு ரெண்டு பூட்டு, கணினிக்கு ஒண்ணு கூட இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கிறவங்களும், அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கும் தொண்டூழியர்களும் பொறுமையாப் படிங்க. மத்தவங்க பாதியில விட்டாலும் பரவாயில்லை, உங்க கோயில் செயலாளருக்கு அனுப்பி வைங்க.

சிங்கப்பூர்ல நான் உட்காருற கோயில் கூட்டங்களில் இப்போ அடிக்கடி ஒரு பேச்சு வருது: "நமக்கும் ஒரு டேஷ்போர்ட் வேணும்." வெள்ளிக்கிழமை எத்தனை அர்ச்சனை, எந்த உபயம் இன்னும் யாரும் எடுக்கல, திருப்பணி நிதி எவ்வளவு சேர்ந்திருக்கு, எல்லாம் ஒரே திரையில் வண்ண வண்ணமாத் தெரியணும். யாராவது ஐடி படிச்ச தம்பி இருப்பார். "தம்பி, நீ பார்த்துக்கப்பா" என்று அவரிடம் விட்டுவிடுவார்கள். அவரும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, மெட்டாபேஸ் அல்லது பவர் பிஐ போட்டு, கோயில் மென்பொருளின் தரவுத்தளத்தோடு இணைத்துவிடுவார். அடுத்த கூட்டத்தில் எல்லாரும் கைதட்டுவாங்க.

டேஷ்போர்ட் வேண்டாம் என்று நான் சொல்ல வரல. கண்டிப்பா வேணும். ஆனா அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தம்பி எந்தக் கணக்கை வைத்து இணைத்தார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா? என் கேள்வி அதுதான். அது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, நிர்வாகக் குழு கேட்க வேண்டிய கேள்வி. உண்டியலுக்கு நாம வச்சிருக்கிற ஒழுங்கு இதுக்கும் வேணும் என்பதுதான் என் கருத்து.

முதல்ல, டேஷ்போர்ட் ஏன் நல்லது?

இது இல்லாத கோயில்ல என்ன நடக்குது தெரியுமா? மாசக் கடைசியில் அலுவலகத்து அக்கா மென்பொருளில் இருந்து முழுப் பட்டியலையும் எக்செல்லாக எடுப்பார். பேர், ஃபோன் நம்பர், முகவரி எல்லாம் அதில் இருக்கும். அது பொருளாளருக்கு வாட்ஸ்அப்பில் போகும். அவர் தலைவருக்கு அனுப்புவார். தலைவர் "குரூப்பில் போடுங்க" என்பார். மூணு மாசத்தில் அந்தக் கோப்பு எத்தனை கைபேசியில் இருக்கு என்று முருகனுக்கே தெரியாது. இதோடு ஒப்பிட்டால், ஒழுங்கா அமைத்த டேஷ்போர்ட் ஆயிரம் மடங்கு மேல். எண்ணிக்கை தெரியும், ஆளைத் தெரியாது. அன்னதானத்துக்கு எத்தனை பேருக்குச் சமைக்கணும், எந்த நேரத்துக்கு ரெண்டாவது கவுண்டர் திறக்கணும், நெய் விளக்கு எத்தனை வாங்கி வைக்கணும் என்று குத்துமதிப்பா இல்லாம முடிவு பண்ணலாம்.

அதனால இணைங்க. ஆனா எப்படி இணைக்கிறோம்?

அந்தப் படிவத்தில் என்ன இருக்கு?

எந்தக் கருவியை எடுத்தாலும் கேட்கிற விவரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மெட்டாபேஸை வைத்துச் சொல்றேன். நிர்வாகப் பக்கத்தில் தரவுத்தளத்தைச் சேர்க்கும் இடத்துக்குப் போனால் ஒரு படிவம் வரும். எந்த வகைத் தரவுத்தளம், எந்தக் கணினியில் இருக்கு, போர்ட் எண் என்ன, தரவுத்தளத்தின் பேர் என்ன, பயனர் பேர், கடவுச்சொல். மைஎஸ்கியூஎல் என்றால் போர்ட் வழக்கமா 3306, போஸ்ட்கிரஸ் என்றால் 5432. நிரப்பிச் சேமித்தால் முடிஞ்சது. பத்து நிமிஷ வேலை.

இதில் மத்த கட்டங்களுக்குத் தவறான விடை கொடுத்தால் இணைப்பே வராது. உடனே தெரிஞ்சுடும். பயனர் பேர் கட்டம் மட்டும் அப்படி இல்லை. அங்கே "ரூட்" என்று போட்டாலும் வேலை செய்யும். படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு பயனரைப் போட்டாலும் வேலை செய்யும். திரையில் வரும் படம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதனாலதான் யாரும் கவனிக்கிறதில்லை. மென்பொருள் நிறுவிப் போனவர் கொடுத்த ரூட் கடவுச்சொல் ஒண்ணு அலுவலக நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். தம்பி அதையே போட்டுவிடுவார்.

ரூட் என்றால் என்ன? படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம், புதுப் பயனரையே உருவாக்கலாம். அர்ச்சனையை எண்ணிப் படம் வரைய இதில் எது தேவை? படிக்கிறது மட்டும். பூ கட்ட வந்தவருக்கு மூலஸ்தானச் சாவியைக் கொடுத்து அனுப்புவோமா?

நம்ம அட்டவணையில் என்ன இருக்கு?

"அர்ச்சனைச் சீட்டுதானே, அதுல என்ன ரகசியம்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

ஒரு பெண்மணி கவுண்டருக்கு வந்து, மகன் பேர், நட்சத்திரம், ராசி சொல்லி மிருத்யுஞ்ஜய ஹோமத்துக்குப் பதிகிறார். இன்னொரு குடும்பம் திருமணத் தடை நீங்கப் பரிகார பூசைக்குப் பணம் கட்டுது. கல்யாணமாகி ஏழெட்டு வருஷமான ஒரு தம்பதி குழந்தை வரம் வேண்டி வேண்டுதல் வைக்கிறாங்க. வேறொருத்தர் இறந்துபோன அப்பாவுக்காகத் தில ஹோமம். பேர், ஃபோன் நம்பர், தேதி, பூசையின் பேர். இந்த நாலையும் சேர்த்துப் படிச்சா, அந்த வீட்டில் என்ன கவலை என்று புரிஞ்சுடும். பக்கத்து வீட்டுக்குச் சொல்லாததை, சொந்த அண்ணன் தம்பிக்குச் சொல்லாததை, நம்ம கவுண்டரில் சொல்லிட்டுப் போறாங்க. சாமிகிட்ட சொல்றதா நினைச்சுத்தான் சொல்றாங்க. நம்ம சமூகம் சின்னது. ஒரு கோயிலின் தொண்டூழியர்களில் பாதிப் பேருக்குப் பக்தர்களில் பாதிப் பேரைத் தெரியும். வெளியில் இருந்து வரும் ஹேக்கரை விட, "அட, இவங்களா, இவங்களுக்கு என்ன பிரச்சினையாம்?" என்று எட்டிப் பார்க்கும் கண்தான் எனக்குப் பெரிய பயம்.

பழைய அட்டவணைகளில் அடையாள அட்டை எண்ணும் கிடக்கும். சட்டப்படி தேவை இல்லாத இடத்தில் அந்த எண்ணைப் பொதுவாக வாங்கவோ வைத்துக்கொள்ளவோ கூடாது என்று தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கு. அதுக்கு முன்னாடி காவடிப் பதிவுக்கு வாங்கினது பல இடங்களில் இன்னும் அழிக்காம இருக்கும். ரூட் கணக்கில் இணைத்தால் அதுவும் சேர்ந்துதான் கருவிக்குள் தெரியும்.

இன்னொண்ணு. இணைத்தவுடன் மெட்டாபேஸ் சும்மா இருக்காது. எந்தெந்த அட்டவணை, எந்தெந்த நெடுவரிசை என்று பார்த்து வைக்கும். வடிகட்டும் பட்டியல் காட்டுவதற்காகச் சில நெடுவரிசைகளில் இருக்கும் மதிப்புகளையும் படித்துத் தன்னிடம் சேமிக்கும். அதாவது நீங்க ஒரு படம் கூட வரையாத முன்னாடியே பக்தர் விவரத்தில் கொஞ்சம் கருவிக்குள் போயிருக்கலாம். "நாங்க பேரை டேஷ்போர்டில் காட்டலையே" என்பது முழு விடை ஆகாது.

நடந்தது ரெண்டு சொல்றேன்

2018-ல் சிங்ஹெல்த் தரவுத் திருட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 15 லட்சம் பேரின் சொந்த விவரம் போனது. அதில் சுமார் 160,000 பேர் வாங்கிய மருந்து விவரமும் போனது. விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. அதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நோயாளிகளின் தரவுத்தளத்துக்கும் சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சில சர்வர்களுக்கும் நடுவே ஓர் இணைப்பு திறந்தே இருந்தது. நிர்வாகக் கருவிகளின் வசதிக்காக விட்டு வைத்த இணைப்பு. அது இருந்தே ஆகணும் என்ற அவசியம் இல்லை என்று குழு சொன்னது. வந்தவர்கள் அந்த வழியில்தான் தரவுத்தளத்தை எட்டினார்கள். சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி, அதன் கணினி நிறுவனத்துக்கு 750,000 வெள்ளி அபராதம்.

இன்னொண்ணு நம்ம விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். 2023 ஜூலையில் மெட்டாபேஸிலேயே ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிச்சாங்க. முதல் முறை அமைக்கும்போது மட்டும் பயன்பட வேண்டிய ஒரு டோக்கன், அமைத்து முடித்த பிறகும் வெளியில் தெரிந்தது. அதை வைத்து, தரவுத்தள இணைப்பைச் சோதித்துப் பார்க்கும் பகுதி வழியாகவே, உள்நுழையாமலே அந்தச் சர்வரில் கட்டளை ஓட்ட முடிந்தது. அவங்க உடனே திருத்திய பதிப்பை வெளியிட்டாங்க, அது சரி. ஆனா ஒரு தொண்டூழியர் அமைத்துவிட்டுப் போன கருவியை யார் உட்கார்ந்து புதுப்பித்திருப்பாங்க? அப்படி ஒருத்தர் உள்ளே வந்தால், கருவியில் சேமித்து வைத்த தரவுத்தளக் கடவுச்சொல்லும் அவர் கைக்குப் போகும் ஆபத்து இருக்கு. அது படிக்க மட்டும் உள்ள கணக்கு என்றால் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. ரூட் என்றால் மொத்தக் கோயிலும் போச்சு.

அப்போ எப்படிச் செய்யணும்?

ஐந்தே விஷயம். செலவு பெரிசா எதுவும் இல்லை.

1. தனிப் பயனர். டேஷ்போர்டுக்கென்று புதுசா ஒரு பயனரை உருவாக்கி, படிக்கும் உரிமை மட்டும் கொடுங்க. மைஎஸ்கியூஎல்லில் ரெண்டு வரிக் கட்டளை. "கிரியேட் யூசர்", பிறகு "கிராண்ட் செலக்ட்". அவ்வளவுதான். தரவுத்தளம் தெரிந்த எந்தத் தம்பிக்கும் இது தெரியும். யாரும் கேட்கலேன்னா செய்ய மாட்டார், கேட்டா செய்வார்.

2. முழு அட்டவணை வேண்டாம், வியூ போதும். வியூ என்பது அட்டவணையில் இருந்து தேவையானதை மட்டும் காட்டும் ஜன்னல். தேதி, நேரம், பூசை வகை, கவுண்டர் எண், தொகை. பேர் இல்லை, நட்சத்திரம் இல்லை, ஃபோன் இல்லை. புதுப் பயனருக்கு அந்த வியூவைப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தால் போதும். அடியில் இருக்கும் அட்டவணையை அவரால் தொட முடியாது. "உபயகாரருக்கு ஞாபகப்படுத்த ஃபோன் நம்பர் வேணுமே" என்பாங்க. வேணும்தான். ஆனா அது அலுவலக மென்பொருளில் அக்கா செய்யும் வேலை. கூட்ட அறையில் பெரிய திரையில் காட்டும் வேலை இல்லை.

3. முடிந்தால் நகலோடு இணைங்க. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பால் குடம், காவடிப் பதிவுக்குக் கவுண்டரில் வரிசை நிற்கும்போது, மேல யாரோ அஞ்சு வருஷ ஒப்பீட்டுப் படம் பார்க்க, கீழ சீட்டு அச்சாக மாட்டேங்குது என்ற நிலைமை வேண்டாம். தினமும் ராத்திரி காப்புப் பிரதியை வேறொரு தரவுத்தளத்தில் ஏற்றி, டேஷ்போர்டை அதோடு இணைச்சிடலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. காப்புப் பிரதி உண்மையிலேயே திரும்ப ஏறுதா என்று தினமும் தானாகவே சோதனை ஆகிடும். பல இடங்களில் காப்புப் பிரதி எடுப்பாங்க, ஏற்றிப் பார்த்ததே இருக்காது.

4. வழியை மூடுங்க. கருவி ஓரிடம், தரவுத்தளம் வேறிடம் என்றால் எஸ்எஸ்எல் கட்டத்தைப் போடுங்க, இல்லேன்னா எஸ்எஸ்எச் சுரங்கம் வழியா இணைங்க. வசதிக்காக 3306-ஐ உலகத்துக்கே திறந்து விடாதீங்க. மெட்டாபேஸ் இணைப்புக் கடவுச்சொல்லைத் தன் சொந்தத் தரவுத்தளத்தில் வைக்கும். அதை மறைகுறியாக்க ஒரு ரகசியச் சாவியைத் தனியா அமைக்கணும், தானா நடக்காது.

5. நேர மண்டலம். இது பாதுகாப்பு விஷயம் இல்லை, ஆனா இதில் தவறினால் மத்த எல்லாம் வீண். சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தை விட எட்டு மணி நேரம் முன்னாடி. தரவு பொது நேரத்தில் பதிவாகி, கருவி அதை மாற்றாமல் காட்டினால், காலை எட்டு மணிக்கு முன்னாடி போட்ட சீட்டெல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குச் செய்த அர்ச்சனை, வியாழன் ராத்திரி பத்தரைக்குச் செய்த மாதிரி காட்டும். அதை நம்பி வியாழனுக்குக் கூடுதல் ஆள் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் முழிச்சிட்டு நிற்போம். சோதிக்கிறது சுலபம். மணி வாரியா ஒரு படம் போடுங்க. நடை சாத்தின நேரத்தில் கூட்டம் தெரிஞ்சா, நேர மண்டலம் தப்பு.

இதெல்லாம் விட முக்கியம் ஒண்ணு: யார் பேர்ல?

நான் உதவிக்குப் போன ஓர் இடத்தில், பேர் வேண்டாம், டேஷ்போர்ட் முழுக்க ஒரு பழைய தொண்டூழியரின் சொந்த ஈமெயிலில் ஓடிக்கிட்டிருந்தது. அவர் வேலை மாறி வெளிநாடு போயிட்டார். நல்ல மனுஷன், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா கோயிலின் ஆறு வருஷக் கணக்கு அவர் உள்நுழைந்தால்தான் தெரியும். இங்கே இருக்கிற யாராலும் கடவுச்சொல்லை மாற்றக்கூட முடியல. அவரும் போனவர் போனவரா இருக்க முடியாம, நடு ராத்திரியில் வாட்ஸ்அப்புக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்தார். இது கோயிலுக்கும் பாரம், அவருக்கும் பாரம்.

அதனால கருவியின் நிர்வாகக் கணக்கு கோயில் ஈமெயிலில் இருக்கணும். கடவுச்சொல் ரெண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கணும். யார் யாருக்கு எந்த அனுமதி என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக் கோப்பில் வைங்க. குழு மாறும்போது சாவி கொத்தோடு இதையும் ஒப்படைங்க, கடவுச்சொல்லை மாற்றுங்க.

"சட்டம் நமக்கெல்லாம் பொருந்தாது, நாம தொண்டுதானே செய்யிறோம்" என்று நினைக்க வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊழியர் என்ற சொல்லுக்குள் தொண்டூழியரும் வருவார். ஒவ்வோர் அமைப்பும் குறைந்தது ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கணும். 500 பேர் அல்லது அதுக்கு மேற்பட்டவங்களின் விவரம் கசிந்தால், அது தெரிவிக்க வேண்டிய கசிவு என்று உறுதியானதில் இருந்து மூணு நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கணும். 500 பேர் என்பது ஒரு கோயிலுக்கு என்ன பெரிய எண்ணிக்கை? ஒரு திருவிழாப் பதிவுப் பட்டியல் போதும்.

மறுத்துப் பேசுறவங்களுக்கு

"இவ்வளவு கெடுபிடி வச்சா எந்தத் தம்பி உதவிக்கு வருவான்?" என்று கேட்பாங்க. நியாயமான கவலை. ஆளே கிடைக்காத காலம் இது. ஆனா ஒண்ணு யோசிங்க. உண்டியலை எந்தப் பொறுப்பான கோயிலிலும் ஒருத்தர் தனியா உட்கார்ந்து திறந்து எண்ண மாட்டார். நாலு பேர் பார்க்கத் திறப்பாங்க, எண்ணி, எழுதி, கையெழுத்துப் போடுவாங்க. எண்ணுகிறவரைத் திருடன் என்று சந்தேகப்பட்டா அப்படிச் செய்யிறோம்? இல்லை. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அவர் தலைநிமிர்ந்து நிற்கணும் என்பதற்காகத்தான். சிவன் சொத்து குலநாசம் என்று பயப்படுகிற நாம, தொண்டூழியரை அந்தப் பழிக்குப் பக்கத்திலேயே விடக் கூடாது. படிக்க மட்டும் உள்ள கணக்கும் அப்படித்தான். ஏதாவது ஒரு பதிவு காணாமப் போனால், "என் கணக்கால அழிக்கவே முடியாது" என்று தம்பி சொல்ல முடியும். ரூட் கையில் இருந்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

"சின்னக் கோயில், நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றும் கேட்பாங்க. வருமானம் சின்னதா இருக்கலாம். கவுண்டரில் சொல்லப்படுகிற கவலை எந்தக் கோயிலிலும் சின்னது இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த நாலு கேள்வியை மட்டும் கேளுங்க. டேஷ்போர்ட் எந்தப் பயனர் பேரில் தரவுத்தளத்தோடு இணைஞ்சிருக்கு? அந்தப் பயனரால் எதையாவது மாற்ற முடியுமா? பக்தர் பேரோ ஃபோன் நம்பரோ அதுக்குத் தெரியுமா? அமைத்தவர் நாளைக்கு இல்லேன்னா யாரால் நிர்வகிக்க முடியும்? விடை தெரியலேன்னா, அந்த வாரமே தம்பியோடு யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திடுங்க. அதுவும் ஒரு சனிக்கிழமை மத்தியான வேலைதான்.

ஐடி தெரிந்த தொண்டூழியர்கள் கருத்துப் பகுதியில் உங்க கோயிலில் எப்படிச் செஞ்சிருக்கீங்க என்று எழுதுங்க. கடவுச்சொல்லை மட்டும் எழுதிடாதீங்க!